ஐந்து வெட்டு

வாரம் முழுக்க லட்லோ கடைத்தெருவில்
இருட்டறைக்குள் உட்கார்ந்து கேட்கிறவள் நான்:
ஒன்றாவது தெளிவா, இரண்டாவதா?
சில்லை மாற்றி மாற்றி,
இப்போது? இப்போது?
முந்நூறு ஏக்கர் வைத்திருக்கிற மனிதர்கூட
பரீட்சைப் பிள்ளைபோல் விழிப்பார்.
தப்பாய்ப் போய்விடுமோ என்று
இரண்டும் ஒன்றுதான் டாக்டர், என்பார்.
நான் டாக்டர் இல்லை. திருத்துவதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிரேவன் ஆர்ம்ஸ் தாண்டி
ஆட்டுப் புழுக்கை மிதித்து ஏறினால் சுடுதளம்.
என்னுடையது இரட்டைக்குழல், ஒன்றின்மேல் ஒன்று.
குழலின் வாயில் திருகுகிற எஃகுக் குழாய்த்துண்டுக்கு
சோக் என்று பெயர்.
சென்னையில் சோக்கா இருக்கே என்றால் வெட்கப்படலாம்.
இங்கே அது கழுத்தை நெரிப்பது.
நெரித்தால் ரவை கூட்டம் கலையாமல் தூரம் போகும்.
விட்டுப் பிடித்தால் பக்கத்திலேயே இறைபடும்,
உப்புமாவுக்கு எடுத்த பொட்டலம்
கைதவறிக் கிழிந்த மாதிரி.

டப்பாவில் ஐந்து சோக்.
விளிம்பில் வெட்டுக்குறி: ஒன்றில் ஒன்று,
இன்னொன்றில் இரண்டு, அப்படியே ஐந்து வரை.
ஐந்து வெட்டு என்றால் ஐந்து மடங்கு இறுக்கம்.
இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?
மசாலாப் பொட்டலத்தில் மிளகாய்ப் படம்
எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனை காரம்.

முதல் மேடையில் முயல்:
உயிருள்ளதல்ல, தரையோடு குதித்துருளும் தட்டு.
பதினைந்து கஜம். ஒரு வெட்டு போதும்.
நான்காம் மேடையில் ஓக் மரங்களுக்கு மேலே
நாற்பத்தைந்து கஜம், குறுக்குக் காற்று வேறு.
கழற்று. ஐந்து வெட்டு. முறுக்கு.
பின்னால் நிற்கும் பிரின் பியூ தெர்மாஸைத் திறந்து
தேநீர் ஊற்றி, குடித்து, மூடியும் விடுவார்.
ஹெட்டி சோக் மாற்றுவதே இல்லை.
அவளுடையது துருப்பிடித்துக் குழலோடு ஒட்டிப்போய்
எந்த அளவு என்று அவளுக்கே மறந்துவிட்டது.
போன மாதம் ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

அக்டோபரில் ஒருநாள்
பிரின் புதுத் தோட்டாப் பெட்டி வாங்கியிருந்தார்.
வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்க்கலாம் என்றார்.
என் ஐந்து வெட்டைத் திருகி, நின்று, சுட்டேன்.
தகடு முழுக்க அம்மை வார்த்திருந்தது.
முத்துக்கும் முத்துக்கும் நடுவில்
ஒரு தட்டு நிம்மதியாய்ப் புகுந்து போகலாம்.
பிறகு ஒரு வெட்டு:
தகட்டின் நடுவில் ஊத்தப்பம் அளவுக்குக்
கரேலென்று ஒரே அடி.

வெட்டு கூடக்கூட வாய் திறக்குமாம்.
பிரின் சாதாரணமாகச் சொன்னார்,
பால் புளித்துவிட்டது என்பதுபோல.

பதினெட்டு மாதம்
பக்கத்து முயலை முஷ்டியால் குத்தியிருக்கிறேன்,
தூரத்துத் தட்டுக்குச் சல்லடையை அனுப்பியிருக்கிறேன்.
ஊருக்கெல்லாம் எழுத்து வாசிக்கக் கற்றுத் தரும் கண்.
அப்படியானால் ஓக் மரத்துக்கு மேலே
உடைந்தவை எப்படி உடைந்தன?
எந்த ஒற்றை ரவை, யாருடைய புண்ணியம்?
முயல் புகையாய்ப் போனபோதெல்லாம்
நான் சிரித்துக்கொண்டு திரும்பினேனே, அது?

அன்றைக்கே சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டு
சுற்று முழுக்கச் சுட்டேன்.
முப்பத்தொன்று.
தப்பாகப் போட்ட காலத்தில் முப்பத்தெட்டு.
ஹெட்டி மூக்கைச் சிந்தினாள். சிரிப்பை மறைக்க இருக்கலாம்.

வீட்டில் நகப்பூச்சை எடுத்து
ஐந்து வெட்டின் பட்டையில் அகலம் என்று எழுதினேன்.
தூரிகை தடிமன், பட்டை வளைவு.
இந்தப் பக்கம் அக மட்டும் தெரிகிறது.
மீதி எழுத்து அந்தப் பக்கம் போய்விட்டது.
அடுத்த வாரம் வரிசையில் நின்ற ஹெட்டி
விரலால் தொட்டு, இது என்ன மொழி, என்ன சொல் என்றாள்.
உள்ளே, என்றேன்.
அவள் குனிந்து
குழலுக்குள் பார்த்தாள்.